லேவியராகமத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

திருத்தணி மலைக்கு 365 படி. வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று நம் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். டிசம்பர் 31 அன்று படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறோம். இதே கணக்கு யூதர்களிடமும் உண்டு. மோசேயின் சட்டத்தில் மொத்தம் 613 கட்டளைகள். அவற்றில் 'செய்யாதே' என்பவை 365, வருடத்தின் நாட்களுக்குச் சமம். 'செய்' என்பவை 248, மனித உடம்பின் உறுப்புகளுக்குச் சமம். 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிம்லாய் என்ற யூத ஆசிரியர் இப்படிக் கணக்குச் சொன்னார். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற அறிஞர் அந்த 613க்கும் ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார்.

இந்தக் கட்டளைகள் பைபிளின் முதல் ஐந்து புத்தகங்களில் இருக்கின்றன. ஆதியாகமத்தில் கதை ஓடும், யாத்திராகமத்தில் பாதிவரை ஓடும். அப்புறம் பலி, தீட்டு, தராசு, கடன் என்று சட்டம் ஆரம்பித்துவிடும். லேவியராகமம் வந்ததும் பெரும்பாலானவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். கிறிஸ்தவ நண்பர்களைக் கேட்டால், "அதெல்லாம் பழைய ஏற்பாடு சார், அந்தக் காலத்துக்கு" என்பார்கள். மற்றவர்களைக் கேட்டால், "அவங்க வேதம் நமக்கு எதுக்கு?" என்பார்கள். நான் சொல்ல வருவது, இரண்டு பேருமே தாண்டிப் போகிற அந்தப் பக்கங்கள்தான் நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள், அதுவும் வயதானவர்கள், நிதானமாகப் படிக்க வேண்டியவை என்பது.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்குத் தொழில்தான் காரணம். உத்தியோகக் காலம் முழுக்க சிவில் கோர்ட்டில் கட்டு கட்டாக வழக்குக் காகிதம் பார்த்தவன் நான். டிக்ரி, ஜப்தி, பாகப்பிரிவினை, இவைதான் என் உலகம். ஓய்வு பெற்ற பிறகு அந்த ஐந்து புத்தகங்களையும் பக்திக்காக இல்லாமல், சட்டத்தைச் சட்டமாகவே படித்தேன். காலையில் சன்னிதிக்குப் போய் வந்து திருநீற்றோடு உட்கார்ந்து படித்ததில் எனக்கு எந்த இடைஞ்சலும் இல்லை.

இப்படிப் படித்ததில் நான் முதல் ஆளும் இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் 1715இல் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத்து புத்தகம் வரை மொழிபெயர்த்திருந்தபோது 1719இல் இறந்துபோனார். மீதியைச் சூல்ட்சே முடித்தார். அதாவது, இந்தச் சட்டங்கள் தமிழில் வந்து 300 வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் புத்தகங்களுக்கு நம் கிறிஸ்தவர்களிடம் நிலைத்துவிட்ட பெயர்களைப் பாருங்கள்: லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம். கோயிலுக்கு நாம் சொல்லும் அதே 'ஆகமம்'.

அதைவிட முக்கியமான ஆள் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1822இல் நல்லூரில் பிறந்த சைவர். பெர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, அவருடைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பு வேலையில் பண்டிதராக உடனிருந்தார். அந்தப் பதிப்பு 1850இல் வெளிவந்தது. அதற்குள் நாவலர் அந்த வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்துவிட்டார். 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' என்ற நூலை எழுதினார். கோயில், அபிஷேகம், விளக்கு, தூபம், நைவேத்தியம் எல்லாம் மூடப்பழக்கம் என்று பழித்தவர்களுக்கு அது பதில். அவர் பதில் எடுத்த இடம் எது தெரியுமா? அவர்களுடைய வேதத்திலிருந்தே. ஆசரிப்புக் கூடாரம், அணையாத விளக்கு, சாம்பிராணி, அபிஷேகத் தைலம், குளித்துச் சுத்தமாகி வரும் ஆசாரியர்கள், வருடத் திருவிழாக்கள் எல்லாம் அங்கே கடவுள் கட்டளையாகவே எழுதியிருக்கிறதே என்று எடுத்துக் காட்டினார். பழித்தவர்கள் தாண்டிப் போன பக்கங்களை நாவலர் உட்கார்ந்து படித்திருந்தார். அதனால்தான் அவரால் பேச முடிந்தது.

நாவலர் கோயில் பகுதியைப் படித்தார். நான் கோர்ட்டு ஆள், கடன் பகுதியில் நின்றுவிட்டேன்.

உபாகமம் 24ஆம் அதிகாரம். கடன் கொடுத்தவன் அடமானம் வாங்கப் போனால் கடன்பட்டவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வாசலிலே நிற்க வேண்டும். கடன்பட்டவனே உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பான். ஏழை தன் மேல்துணியை அடமானம் வைத்தால் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும், ராத்திரி போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு இல்லை. மாவரைக்கும் கல்லை அடமானமாக வாங்கக் கூடாது, அது அவன் உயிரையே வாங்குவதற்குச் சமம். விதவையின் துணியை வாங்கவே கூடாது.

இதைப் படித்தபோது எனக்கு 1908ஆம் வருட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு கண்முன் வந்தது. டிக்ரி ஆனாலும் எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று அதில் இருக்கும். உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, கைத்தொழிலாளியின் கருவி, விவசாயியின் உழவுச் சாமான், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைநெல். அங்கே மாவரைக்கும் கல், இங்கே பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு நெசவாளியின் தறி. யோசனை ஒன்றுதான்: கடனை வசூல் பண்ணு, ஆனால் அவன் கடனை அடைக்கும் வழியையே பிடுங்காதே. வாசலில் நிற்க வேண்டும் என்கிற விதியை நினைத்தால், இன்றைக்குக் குழுக்கடன் தவணைக்காக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழும்படி பேசுகிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

நம் வயதுக்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், இரண்டு மரக்கால். நெல் கடன் கொடுக்கும்போது ஒரு மரக்கால், அறுப்பு முடிந்து களத்தில் வாங்கும்போது வேறொரு மரக்கால். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். லேவியராகமம் 19ஆம் அதிகாரமும் உபாகமம் 25ஆம் அதிகாரமும் இதைத்தான் தடுக்கின்றன. பையில் பெரிசும் சிறிசுமாக இரண்டு எடைக்கல் வைக்காதே, வீட்டில் இரண்டு படி வைக்காதே என்கின்றன. ஏமாற்றி அளக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு விடவில்லை, இரண்டு அளவை உன் கைவசமே இருக்கக் கூடாது என்கிறது. நானும் எத்தனையோ சட்டப் புத்தகம் புரட்டியிருக்கிறேன். குற்றத்தை அது பிறக்கிற இடத்திலேயே போய்ப் பிடிக்கிற இந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடித்திருந்தது.

இன்னும் சில. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பிறதேசத்தானுக்கும். நம் பக்கம் வேர்க்கடலை பிடுங்கின கொல்லையில் பிள்ளைகளும் கிழவிகளும் கூடையோடு நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். போரடிக்கும் மாட்டுக்கு வாய்க்கூடு போடாதே. புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை, யாராவது விழுந்தால் அந்தப் பழி உன் வீட்டு மேல். கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, அவன் உன் ஊர்க்காரனானாலும் வெளியூரானாலும் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு. நூறு நாள் வேலைக்கு 2005இல் வந்த சட்டம் கூலிக்கு 15 நாள் கெடு வைத்தது. அந்தப் பழைய சட்டம் சூரியனையே கெடுவாக வைத்தது. நரைத்த தலைக்கு முன்பாக எழுந்து நில் என்பதும் லேவியராகமம் 19தான். பஸ்ஸில் எந்தப் பிள்ளையும் எழுந்திருப்பதில்லை என்று குறைப்படுகிற நம்மவர்களுக்கு இனிக்கிற வரி அது. ஆனால் கூலி பற்றிய கட்டளையும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. மரியாதை வாங்குகிறவர்கள் கூலியையும் நேரத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நான் பாதிப் புத்தகத்தைத்தான் காட்டினவன் ஆவேன். கஷ்டமான பக்கங்கள் நிறைய உண்டு.

சொந்த ஜனத்தான் கடனுக்கு அடிமையானால் ஆறு வருடம் வேலை செய்து ஏழாம் வருடம் விடுதலை. வெறுங்கையோடு அனுப்பாதே, ஆடும் தானியமும் கொடுத்து அனுப்பு என்பார்கள். ஆனால் வேறு ஜனத்திலிருந்து வாங்கின அடிமை பரம்பரைச் சொத்து, பிள்ளைகளுக்கும் எழுதி வைக்கலாம். மாதவிலக்கான பெண்ணுக்கு ஏழு நாள் தீட்டு, அவள் உட்கார்ந்த இடத்தைத் தொட்டவனுக்கும் தீட்டு. ஆண் பிள்ளை பெற்றால் 40 நாள், பெண் பிள்ளை பெற்றால் 80 நாள். ஆரோனின் வம்சத்தார் மட்டுமே ஆசாரியர், அவர்களிலும் உடம்பில் குறையுள்ளவர் பலிபீடத்தின் கிட்டே வரக் கூடாது. ஓய்வுநாளில் விறகு பொறுக்கினவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். அடங்காத மகனுக்கும் அதே தண்டனை.

இந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு, "பார்த்தீர்களா அவர்கள் லட்சணத்தை" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நான் அதைச் செய்ய மாட்டேன். 'வீட்டுக்குத் தூரம்' என்று நம் அம்மாக்களும் அக்காக்களும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுங்கின மூன்று நாளை நாம் பார்க்கவில்லையா? பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க நம் மாநிலத்தில் சட்டம் வந்தது 1970இல். அதன் வழக்குகள் இன்னும் ஓயவில்லை. கொத்தடிமை முறையை இந்திய அரசு சட்டம் போட்டு ஒழித்தது 1976இல். அதற்கு அப்புறமும் நம் திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை மீட்டதாகச் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த வீட்டுப் பரணில் இருக்கும் அழுக்கு மூட்டை நம் வீட்டுப் பரணிலும் இருக்கிறது.

அதே சமயம், "வேதத்தில் இருக்கிறது, ஏதோ அர்த்தம் இருக்கும்" என்று மூடி மறைக்கவும் வேண்டியதில்லை. யூத ஆசிரியர்களே மறைக்கவில்லை. அடங்காத மகன் விஷயத்தில் சட்டமே தகப்பனுக்கு அந்த அதிகாரத்தைத் தனியாகக் கொடுக்கவில்லை. தாயும் தகப்பனும் சேர்ந்து ஊர் வாசலில் மூப்பர்கள் முன் நிறுத்த வேண்டும். பின்னால் வந்த ஆசிரியர்கள் இதற்கு மேல் நிபந்தனை மேல் நிபந்தனையாகப் போட்டு, கடைசியில் இப்படி ஒரு மகன் இருந்ததே இல்லை, இருக்கப் போவதும் இல்லை என்று தல்மூதில் எழுதி வைத்தார்கள். ஏட்டில் வரி அப்படியே இருக்கிறது, ஆனால் ஒருவனையும் கொல்ல முடியாது. சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கொண்ட மகளை வீட்டாரே கொன்றார்கள் என்று படிக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன். அத்தனை பழைய சட்டமே வீட்டுக்குள் தீர்ப்பு எழுதத் தகப்பனை விடவில்லை.

இந்தப் புத்தகங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எண்ணாகமம் 27ஆம் அதிகாரம். அங்கே ஒரு வழக்கு நடக்கிறது.

செலொப்பியாத் என்பவன் வனாந்தரத்தில் செத்துப்போனான். ஆண் வாரிசு இல்லை. ஐந்து பெண்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். நிலம் பங்கு பிரிக்கப் போகிறார்கள், பங்கு ஆண்களின் பேரில். இந்த ஐந்து பேரும் கூடாரத்தின் வாசலுக்கு வந்து, மோசே, ஆசாரியன், தலைவர்கள், ஜனங்கள் எல்லோர் முன்னிலையிலும் நின்று கேட்கிறார்கள். மகன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் அப்பா பேர் ஏன் அழிய வேண்டும்? எங்களுக்கும் நிலம் கொடுங்கள். மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லவில்லை, கடவுளிடம் கொண்டு போகிறார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்று பதில் வருகிறது. மகன் இல்லாதவன் சொத்து மகளுக்கு என்று அன்றிலிருந்து சட்டமாகிறது. மலைமேல் இறங்கி வந்த சட்டமே, ஐந்து பெண்கள் வந்து கேட்டதால் ஒரு பிரிவு கூடியது.

முழு நீதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மகன் இருந்தால் மகளுக்கு ஒன்றும் கிடையாது. கடைசி அதிகாரத்தில் அவர்கள் கோத்திரத்துப் பெரியவர்கள் வந்து, இவர்கள் வேறு கோத்திரத்தில் கட்டிக்கொண்டு போனால் நிலம் கைமாறிவிடுமே என்று ஆட்சேபணை செய்கிறார்கள். சொந்தக் கோத்திரத்திலேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை வருகிறது. ஐந்து பேரும் தகப்பனுடைய சகோதரர் பிள்ளைகளைக் கட்டிக்கொள்கிறார்கள். நமக்கு அது முறையே இல்லை, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் அண்ணன் தம்பி. ஆனால் அத்தை மகனுக்கும் மாமனுக்கும் கட்டி வைத்து, 'சொத்து வெளியே போகக் கூடாது' என்று நாம் போட்ட கணக்கும் அதே கணக்குத்தான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்தது நமக்குத் தெரியும். எல்லைக்கல் நகர்ந்தது, உறவு நகரவில்லை. அண்ணன் குடும்பம் இந்தப் பக்கம், தங்கை குடும்பம் நகரி, புத்தூர்ப் பக்கம் என்று எத்தனை வீடுகள். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1956லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பரம்பரைச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பிறப்புரிமை என்பதை ஆந்திரா 1985 செப்டம்பர் 5 முதல் கொடுத்தது, தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் கொடுத்தது. இரண்டு இடத்திலும் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்களுக்கு இல்லை. ஆகவே 1987இல் கல்யாணமான நகரிப் பெண்ணுக்கு உரிமை இருந்தது, அதே முகூர்த்தத்தில் தாலி கட்டிக்கொண்ட திருத்தணிப் பெண்ணுக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9இல் மத்திய அரசின் திருத்தம் வந்துதான், கல்யாணமானவள் ஆகாதவள் என்ற பேதம் போனது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டம் வந்துவிட்டது. வீட்டில் வந்துவிட்டதா? பல வீடுகளில் நடப்பது என்ன என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்பா காரியம் முடிந்த கையோடு, அழுத கண்ணோடு இருக்கும் அக்கா தங்கைகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து. "உனக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டோமே." "கையெழுத்துப் போடாவிட்டால் இனி பிறந்த வீட்டு வாசல் கிடையாது." பத்திரத்தில் மட்டும் 'முழு மனதுடன், யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல்' என்று இருக்கும். அந்த வாசகத்தை எத்தனை முறை படித்திருப்பேன்! கையெழுத்துப் போட்டுவிட்டுப் பல வருடம் கழித்து, புருஷனும் போய், பிள்ளையும் கைவிட்டு, ஒரு பங்கு இருந்திருந்தால் என்று கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களையும் பார்த்திருக்கிறேன்.

என் அபிப்பிராயம் இதுதான். பழைய சட்டங்களைப் படிப்பது அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதற்கு இல்லை, அவற்றை எழுதினவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கும் இல்லை. தராசு, கூலி, கடன், நிலம் இந்த நான்கிலும் மனிதன் எங்கே வழுக்குவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாமும் அதே இடத்தில்தான் வழுக்குகிறோம். கேட்க வந்த பெண்களை உட்காரவைத்துக் கேட்டதால் அவர்களால் ஒரு வரியாவது திருத்த முடிந்தது. நம் வீட்டில் யாராவது கேட்க வந்தால், முதலில் நாம் சொல்வது "வாயை மூடு" என்பது.

படிக்க நினைப்பவர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், பலி விவரத்திலேயே களைத்துவிடுவீர்கள். லேவியராகமம் 19, உபாகமம் 24, எண்ணாகமம் 27, இந்த மூன்று அதிகாரத்தை ஒரே மத்தியானத்தில் படித்துவிடலாம். கத்தோலிக்கர்களின் பதிப்பில் இவற்றுக்கு லேவியர், இணைச் சட்டம், எண்ணிக்கை என்று பெயர். தெரிந்த கிறிஸ்தவ நண்பரைக் கேட்டால் புத்தகம் சந்தோஷமாகக் கொடுப்பார். அப்புறம், பங்கு பிரிக்க வேண்டிய சொத்து கையில் இருந்து, இன்னும் ஒன்றும் எழுதாமல் இருக்கிறீர்கள் என்றால், எழுதுவதற்கு முன் மகளையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அக்கா தங்கை இருக்கிறவர்கள், அவர்கள் கையெழுத்தைக் கேட்பதற்கு முன் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.